படம் போட்டால் நிரல் வரும் என்றார்கள்

1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பது. விடிவதற்கு முன் பெய்த மழை நின்றிருந்தது. காற்று துளியும் இல்லை. பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் படிகள் ஈரமாகக் கிடந்தன. குளித்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நான் வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு மாடி கீழே குடியிருந்த பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். கையில் ஒரு கடிதம் இருந்தது.

"அண்ணே, இது ஒங்க கம்ப்யூட்டரு அடிச்சதா பாருங்க."

பார்த்தேன். எங்கள் அச்சு இயந்திரத்தின் எழுத்துதான். அதில் 'e' எழுத்து மட்டும் சற்றுக் கீழே இறங்கி விழும். ஏப்ரல் 19 முதல் 22 வரை தொடர்ந்து நான்கு நாள் அனுமதியின்றி வேலைக்கு வரவில்லை, ஆகையால் வேலை ஒப்பந்தத்தை முறித்துவிட்டதாகக் கருதப்படுகிறாய், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை, தக்க காரணம் காட்டாவிட்டால் வேலை நீக்கம் என்று ஒன்பது வரிகளில் இருந்தது. அன்று காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை வேன் ஓட்டுநர் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"நான் எங்கண்ணே வராம இருந்தேன்? அவளோட நாலு நாளும் நான்தானே போய் ஒக்காந்தேன்?"

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆறு மாசமா படம் வரையிறேன் படம் வரையிறேன்னு சொன்னீங்களே, இதானா அது?"

நான் குனிந்து மறு சப்பாத்தின் கயிற்றையும் கட்டினேன்.

அந்தப் பெண் வேலை செய்தது விமான நிலையம் பக்கத்துத் தொழிற்பேட்டையில், மின்னணுச் சில்லுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். பதினோரு வருட வேலை. நுண்நோக்கிக்குள் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது. அவள் கணவர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது முதுகு அடிபட்டு வீட்டோடு இருந்தார். அந்த வீட்டுக்கு வந்த சம்பளம் அவளுடையது ஒன்றுதான்.

அங்கே நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. ஒரே நாற்காலி, ஒரே நுண்நோக்கி. நான்கு நாள் இவள் உட்கார்ந்தால் அடுத்த நான்கு நாள் ஒரு மலாய்ப் பெண் உட்காருவாள். ஹரி ராயா என்னும் நோன்புப் பெருநாள் அந்த மலாய்ப் பெண்ணின் வேலை நாளில் வந்தால், இவள் அந்த நான்கு நாளைச் செய்துவிடுவாள். இவளுடைய அடுத்த நான்கு நாளை அவள் வந்து செய்வாள். தீபாவளிக்கு இதுவே திரும்ப நடக்கும். சீனப் பெண்களும் இப்படித்தான். தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து நடந்த ஏற்பாடு. சூப்பர்வைசர் ஒரு சிறிய சீட்டில் இருவர் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். விதிப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

அந்த வருடமும் அப்படித்தான் மாற்றிக்கொண்டார்கள். 15 முதல் 18 வரை மலாய்ப் பெண்ணின் நாட்களில் இவள். 19 முதல் 22 வரை இவளுடைய நாட்களில் அவள். ஒரு நாள்கூட நாற்காலி காலியாக இல்லை. ஆனால் கணினியோ, முதல் நான்கு நாளும் மலாய்ப் பெண் வரவில்லை, அடுத்த நான்கு நாளும் இவள் வரவில்லை என்று எடுத்துக்கொண்டது. யாருக்குப் பதிலாக யார் இருந்தார்கள் என்பது அதற்குத் தேவைப்படவில்லை. இருவருக்கும் கடிதம் போயிருந்தது.

இதில் நான் எங்கே வருகிறேன் என்று சொல்லவேண்டும். ஜார்ஜ் டவுனில், பீச் ஸ்திரீட்டின் ஒரு பழைய கட்டடத்து இரண்டாம் மாடியில், தொழிற்சாலைகளுக்கு வருகைக் கணக்கும் சம்பளக் கணக்கும் போட்டுக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்று இருந்தது. ஏழு பேர். நான் அதில் மூத்த புரோகிராமர். கோபோல் மொழியில் பதினோராயிரம் வரிகளைப் பல வருடங்களாக என் கையால் எழுதி, திருத்தி, ஒட்டுப்போட்டு வைத்திருந்தேன். அதில் பத்தொன்பது வரிகள் அந்தச் சீட்டுக்கானவை. சீட்டு வந்தால் இரண்டு பேரின் நாட்களையும் இடம் மாற்றிவிடும். அதை எழுதச் சொல்லி யாரும் கடிதம் தரவில்லை. ஒரு சூப்பர்வைசர் தொலைபேசியில் கேட்டார், எழுதினேன்.

1990-இன் கடைசியில் எங்கள் முதலாளி ஒரு புதிய கருவி வாங்கினார். கோலாலம்பூரிலிருந்து அதைக் கொண்டுவந்த சீன இளைஞர், இனி நிரலை யாரும் எழுதவேண்டாம் என்றார். திரையில் படம் வரைந்தால் போதும். தொழிலாளி என்று ஒரு கட்டம், குழு என்று ஒரு கட்டம், சம்பளம் என்று ஒரு கட்டம். கட்டங்களை இணைக்கக் கோடு. ஒரு பக்கம் 'ஒன்று' என்றால் வெறும் கோடு. 'பல' என்றால் கோட்டின் முனையில் மூன்று விரல், காக்கைக் காலைப் போல. படம் முடிந்ததும் ஒரு பொத்தான். கருவி படத்தைப் படித்துத் தானே நிரலை எழுதிவிடும். எழுதுகிறவன் செய்யும் பிழை இருக்காது, ஏனென்றால் எழுதுகிறவனே கிடையாது என்றார். அவர் நல்ல மனிதர், கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. சிரிப்பதா கூடாதா என்று விளங்காமல் தலையை ஆட்டினேன்.

முப்பத்தொரு கட்டங்கள், நாற்பத்துநான்கு கோடுகள் வரைந்தேன். தொழிலாளிக்கும் குழுவுக்கும் நடுவே கோடு போடும்போது கை நின்றது. ஒரு தொழிலாளி ஒரே குழுவைச் சேர்ந்தவளா, பல குழுவிலும் வரக்கூடியவளா? தொழிற்சாலையின் ஆள்வள அதிகாரிக்குத் தொலைபேசியில் பேசினேன். அவரும் தமிழர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"தம்பி, பெருநாளுக்குப் பிள்ளைங்க மாத்திக்கிற சீட்டு இருக்குல்ல, அத எந்தக் கட்டத்துல போடுறது?"

"எந்த சீட்டு அண்ணே?"

"என்னா தம்பி, தெரியாத மாதிரி கேக்குறீங்க."

"தெரியும் லா. ஆனா புக்குல இல்லயே. புக்குல இல்லாததுக்கு எப்படிக் கட்டம் போடுவீங்க? போட்டா நாளைக்கு மேலிடத்துல கேப்பாங்க, யாரு பெர்மிஷன் குடுத்தான்னு. சும்மா விடுங்க. ஒரு ஆளு, ஒரு குரூப்பு. முடிஞ்சிச்சு."

வெறும் கோடு போட்டேன். பொத்தானை அழுத்தினோம். கருவி மூன்று மணி இருபது நிமிடம் ஓடியது. முடிவில் முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு வரிகள் வந்தன. நான் பதினோராயிரத்தில் செய்ததை இது ஏன் இத்தனை வரிகளில் செய்கிறது என்று கேட்டேன். அதை நீங்கள் படிக்கவே வேண்டாம், படத்தை மட்டும் படியுங்கள் என்றார் இளைஞர். பிப்ரவரி முதல் அதுதான் ஓடியது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் எந்தக் குறையும் வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அலுவலகம் போனதும் முதல் வேலையாக அந்த முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு வரிகளையும் திறந்தேன். என் படத்திலிருந்து வந்தவை. ஆனால் ஒரு வரியும் எனக்குத் தெரிந்ததாக இல்லை. நான் 'தொழிலாளி' என்று பெயர் வைத்த இடத்தில் எல்லாம் ஓர் எழுத்தும் ஐந்து இலக்கமும் இருந்தன. மதியம் சாப்பிடாமல் தேடினேன். மூன்றரை மணிக்கு அந்த இடம் அகப்பட்டது. வந்தவளின் குழுவும் அன்றைய குழுவும் ஒன்றாக இல்லாவிட்டால் அவளுடைய வருகை அட்டையைத் தூக்கி எறி என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. வெறும் கோடு ஒன்றுதான் போட்டேன். ஒரு கோட்டுக்கு இத்தனை கடுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த இடத்தில் ஆறு வரிகளை நுழைத்தேன். அந்த மாதம் வந்த சீட்டுகளை ஒரு தனிக் கோப்பில் தட்டி வைத்தேன். ஓட்டிப் பார்த்தேன். எட்டு நாளுக்கும் இருவர் கணக்கும் சரியாக வந்தது. திரும்பத் திரும்ப ஓட்டினேன், அப்போதும் சரி. வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு மாடி கீழே கதவைத் தட்டினேன்.

"கவலப்படாதம்மா, சரிபண்ணியாச்சு. நாளைக்குப் புது ரிப்போர்ட் போவும்."

"நெசமாவா அண்ணே? ஒங்க மெஷினு பேச்சு மாறாதே?"

"மெஷினுக்கு ஏதும்மா பேச்சு" என்றேன். உள்ளே பாயில் படுத்திருந்த அவள் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

புதன்கிழமை காலை புது அறிக்கை வந்தது. அவள் 19 முதல் 22 வரை வரவில்லை. 15 முதல் 18 வரை கணக்கிலேயே இல்லை.

நான் நிரலைத் திறந்தேன். என் ஆறு வரிகளைக் காணோம். அழித்த அடையாளம்கூட இல்லை. நேற்று நான் எழுதியதைக் கனவில் எழுதினேனோ என்று நிஜமாகவே சந்தேகப்பட்டேன். அருகில் இருந்த பையனிடம், நான் நேற்று மாலை இங்கேதான் உட்கார்ந்திருந்தேனா என்று கேட்டேன்.

நடந்தது இதுதான். வேறொரு தொழிற்சாலை சேமநிதிப் பிடித்தத்தில் ஒரு மாற்றம் கேட்டிருந்தது. நான் போன பிறகு கோலாலம்பூர் இளைஞர் படத்தில் ஒரு கட்டத்தைத் திருத்திப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். கருவி படத்தைப் பார்த்து முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு வரிகளையும் மறுபடி எழுதிவிட்டது. படத்தில் என் ஆறு வரிகள் இல்லை. ஆகவே உலகத்தில் இல்லை.

"நிரலில் கை வைக்கவே கூடாது, அங்கிள். வைத்தால் அடுத்த முறை போய்விடும். படத்தில் வையுங்கள்," என்றார் ஆங்கிலத்தில், மிகவும் இரக்கத்தோடு.

"அப்படியானால் அந்தக் கடிதத்தை எழுதியது யார்? நீயா, நானா, படமா?"

அவர் சற்று யோசித்து, படம் என்றார். பிறகு, விதிப் புத்தகம் என்றார். பிறகு, எனக்குத் தெரியவில்லை அங்கிள் என்றார்.

சரி, படத்திலேயே வைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். தொழிலாளிக்கும் குழுவுக்கும் நடுவே இருந்த கோட்டின் முனையில் காக்கைக் கால் போட்டேன். ஒருத்தி பல குழுவிலும் இருக்கலாம். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பொத்தான், மூன்று மணி இருபது நிமிடம், அறிக்கை. இருவரும் வந்திருந்தார்கள். மகிழ்ச்சியோடு தொழிற்சாலைக்கு அனுப்பினேன். நாலரை மணிக்கு ஆள்வள அதிகாரி கூப்பிட்டார்.

"அண்ணே, என்னா அண்ணே செஞ்சீங்க? இந்த மாசம் ஃபாக்டரில யாருமே ஆப்சென்ட் இல்லயாம்!"

"நல்லதுதானே தம்பி."

"நல்லதா? ஒருத்தன் மூணு வாரமா வரல, ஓடியே போயிட்டான், சிங்கப்பூர்ல இருக்கானாம். அவனும் பிரசன்ட்டு!"

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லோரும் எந்தக் குழுவிலும் இருக்கலாம் என்றால், எவருக்கும் வரவேண்டிய நாள் என்று ஒன்று கிடையாது. வரவேண்டிய நாள் இல்லாவிட்டால் வராத நாளும் இல்லை. வெறும் கோடு போட்டால் வந்தவளும் வரவில்லை. காக்கைக் கால் போட்டால் வராதவனும் வந்துவிட்டான். நான் முப்பது வருடமாகக் கணக்கோடு வாழ்ந்தவன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கவேண்டுமே, அதை எப்படி வரைவது என்று அன்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன்.

"மொதல்ல சாப்பிடுங்க" என்றாள் மனைவி. "தட்டுலயும் கோடு போடாதீங்க."

வியாழக்கிழமை விசாரணைக்கு நானே போனேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பத்து மணிக்குப் போய்ச் சேரமுடியாது என்று டாக்சி பிடித்தேன். சிறிய அறை. ஆள்வள அதிகாரி, என் வீட்டுக்குக் கீழே இருக்கும் பெண், அவளுடைய மலாய்த் தோழி, நான். தோழி வேலை நேரத்திலிருந்து எழுந்து வந்திருந்தாள். தலையில் இன்னும் தொழிற்சாலைத் தொப்பி. அதிகாரி மேசைமேல் இரண்டு அறிக்கைகளை வைத்தார். திங்கட்கிழமையுடையதில் இந்த இருவரும் இல்லை. புதன்கிழமையுடையதில் எல்லோரும் இருந்தார்கள்.

"எத அண்ணே நம்புறது?"

"எனக்கும் தெரியல தம்பி" என்றேன்.

"நீங்களே இப்டி சொன்னா எப்டி?"

கீழ்வீட்டுப் பெண் மேசைமேல் கை வைத்தாள்.

"சார், நாலு நாளு அந்த மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சிட்டுக் கெடந்தேன். அவ வீட்டுல பெருநாளு, நான் இங்க. இன்னும் கண்ணு எரியுது. கண்ணு எரியுறதுக்கு ஒங்க பேப்பர்ல எடம் இருக்கா, இல்லயா?"

தோழி தொப்பியைக் கழற்றினாள். "காமி துக்கார் சாஜா, என்சேக்" என்றாள். நாங்கள் மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான் ஐயா என்று அர்த்தம். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. அவருக்கும் இந்த ஏற்பாடு தெரியும். தீபாவளிக்கு அவருடைய தங்கையே இப்படித்தான் விடுப்பு எடுப்பாள். ஆனால் அவர் கையெழுத்தால் மட்டும் கடிதத்தைத் திரும்பப் பெற முடியாது என்றார். கணினியே இவர்கள் வந்ததாகச் சொல்லவேண்டும். ஓடிப்போனவன் வரவில்லை என்றும் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் சம்பளக் கோப்பு மேலிடத்துக்குப் போய்விடும். அதற்குள் சரியான அறிக்கை வந்தால் இரண்டு பேருக்கும் வேலை, அவரவர் நான்கு நாள் சம்பளம். வராவிட்டால் கடிதம் கடிதம்தான்.

வெளியே சாலையோர ஒட்டுக்கடையில் பெண்கள் இருவருக்கும் ரொட்டி சானாயும் தேநீரும் வாங்கிக் கொடுத்தேன். மேசையில் விரலால் தண்ணீர் தொட்டுக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். தொழிலாளி ஒரு கட்டம். குழு ஒரு கட்டம். அவற்றுக்கு நடுவே வெறும் கோடு, அது அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: மாற்றம். அதற்குத் தேதி உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு. அதிலிருந்து தொழிலாளிக்கு இரண்டு கோடுகள், ஒன்று கொடுப்பவளுக்கு, ஒன்று வாங்குபவளுக்கு.

"என்னா அண்ணே வரையிறீங்க?"

"ஒங்க ரெண்டு பேரையும்தான்."

"யாரு நானு? இந்தச் சப்பட்டையா இருக்கறதா?" என்றாள். அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். தோழிக்கு மலாயில் எடுத்துச் சொல்ல, அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர்க் கட்டம் காய்வதற்குள் அதை மனத்தில் ஏற்றிக்கொள்ளவேண்டும் என்ற பதற்றம்.

அலுவலகத்தில் முதலாளி கையை விரித்தார். கருவி விற்றவர்களோடு செய்த ஒப்பந்தப்படி, இருக்கும் கட்டத்தைத் திருத்துவது இலவசம். புதுக் கட்டம் சேர்ப்பது மூன்று தடவை இலவசம், அந்த மூன்றும் தீர்ந்துவிட்டன. நான்காவதற்கு எண்ணூற்றைம்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். தொழிற்சாலையிடம் கேட்டேன். புத்தகத்தில் இல்லாத ஒன்றுக்கு எப்படிப் பணம் கேட்டு எழுதுவது அண்ணே என்றார் அதிகாரி. முதலாளி, தொழிற்சாலை தராததை நான் ஏன் தரவேண்டும் என்றார். இருவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நியாயங்களுக்கு நடுவில் நின்று, என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். தைரியத்தில் சொன்னதா, களைப்பில் சொன்னதா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்று பத்துக்குக் கருவி நின்றது. இரண்டு பெண்களும் அவரவர் நான்கு நாளும் வந்திருந்தார்கள், நாள் மாறி. சிங்கப்பூர்க்காரன் வரவில்லை. அதிகாரி கடிதங்கள் இரண்டையும் கிழித்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். மாலை நான் வீடு திரும்பியபோது கீழ்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் சம்பளத்துக்கு ஆபத்து இல்லை என்றேன். "சரிண்ணே" என்றாள். பிள்ளைகளின் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், தேய்ப்பதை நிறுத்தவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அடுத்த வருடம் தொழிற்சாலையில் புதிய விதிப் புத்தகம் வந்தது. அதில் 'மாற்றம்' என்று ஒரு தனிப் பகுதி. எங்கள் படத்தில் அந்தக் கட்டம் இருப்பதை மேலிடத்தில் யாரோ பார்த்து, இருக்கிற ஒன்றுக்கு விதி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இனி மாற்றிக்கொள்ள வேண்டுமானால் இரண்டு வாரம் முன்னதாகப் பாரம் நிரப்பவேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவைதான்.

"முன்னெல்லாம் சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும் அண்ணே" என்றாள் அவள், படியில் எதிரே வந்தபோது. "இப்ப பிள்ளைக்குக் காய்ச்சல்னா மாத்திக்க முடியல. காய்ச்சல் ரெண்டு வாரம் முன்னாடி சொல்லிட்டா வருது? யாரு அண்ணே இதப் புக்குல போட்டது?"

எனக்குத் தெரியாது என்றேன். பொய் சொன்னேனா என்று கேட்டால், அதுவும் தெரியாது. நான் போட்டது ஒரு கட்டமும் இரண்டு கோடும்தான். அவள் வேலை போகாமல் இருந்ததும் அந்தக் கட்டத்தால். காய்ச்சல் கண்ட பிள்ளையை விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போனதும் அந்தக் கட்டத்தால். நன்மையை ஒரு பக்கமும் கெடுதலை ஒரு பக்கமும் எழுதிக் கழித்துப் பார்க்கலாம் என்று பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். எதை எந்தப் பக்கம் எழுதுவது என்பதிலேயே நின்றுவிடும்.

கணக்கில் நிற்காமல் வந்தது செலவு மட்டும்தான். புதுக் கட்டத்துக்கு எண்ணூற்றைம்பது, மாதம் நூற்றெழுபதாக ஐந்து மாதம் பிடித்தார்கள், டாக்சிக்குப் பதினான்கு, ஒட்டுக்கடையில் ஐந்து வெள்ளி அறுபது காசு. ஆக மொத்தம் எண்ணூற்று அறுபத்தொன்பது வெள்ளி அறுபது காசு.